அமெரிக்காவில் குற்றத் தீர்ப்பை எதிர்த்து அப்பீல்: கெடு, ரெக்கார்ட், அதற்குப் பிறகு (பல ஊர்க்காரர்களின் அனுபவப் பகிர்வு, அவரவர் ஊர்ப் பெயரின் கீழ்)

சிகாகோ

ஜூரி ‘கில்ட்டி’ என்று சொன்ன அன்றைக்கே குடும்பத்தில் எல்லாரும் கேட்பது, அப்பீல் எப்போது போடலாம் என்பதைத்தான். ஃபெடரல் (மத்திய அரசு) வழக்கில் தண்டனை விதித்து, எழுத்துத் தீர்ப்பு கோர்ட் பதிவேட்டில் ஏறிய நாளிலிருந்து 14 நாள் கெடு. சிவில் வழக்கில் 30 நாள் என்பதால், எங்கேயோ கேட்ட அந்த 30-ஐ நம்பிக் கோட்டை விடுகிறவர்கள் உண்டு. சனி, ஞாயிறையும் சேர்த்தே எண்ண வேண்டும். கடைசி நாள் விடுமுறையில் விழுந்தால் மட்டும் அடுத்த வேலை நாள் வரை தள்ளிப்போகும். தவறவிட்டால் தக்க காரணம் காட்டி மேலும் 30 நாள் வரை நீட்டிப்புக் கேட்கலாம். கொடுப்பதும் மறுப்பதும் விசாரித்த நீதிபதி கையில்.

தாக்கல் செய்யும் அறிவிப்பு பெரும்பாலும் ஒரே பக்கம். யார், எந்தத் தீர்ப்பை எதிர்த்து, எந்த மேல் கோர்ட்டுக்குப் போகிறார் என்று இருந்தால் போதும். காரணங்களை இங்கே எழுத வேண்டியதில்லை. கொடுக்க வேண்டிய இடம் மேல் கோர்ட் அல்ல, தீர்ப்புச் சொன்ன அதே மாவட்ட கோர்ட்டின் கிளார்க் அலுவலகம். கட்டணம் 605 டாலர். அரசுச் செலவில் வக்கீல் நியமிக்கப்பட்டவருக்கு அது கிடையாது. சிறைக்குள்ளிருந்து தானே அனுப்புகிறவர், கெடுவுக்குள் சிறைத் தபாலில் ஒப்படைத்துவிட்டால் செல்லும், கோர்ட்டுக்குத் தாமதமாகப் போய்ச் சேர்ந்தாலும் பரவாயில்லை. ஒப்படைத்த தேதியையும் தபால் செலவு கட்டியதையும் சொல்லும் உறுதிமொழியைக் கூடவே வைக்க வேண்டும்.

அப்பீல் வேண்டும் என்பதை வக்கீலிடம் வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுத்தில் கொடுங்கள். சொல்லியும் வக்கீல் போடாவிட்டால் அது திறமையற்ற வாதாடலாகக் கருதப்பட்டு, இழந்த அப்பீல் திரும்பக் கிடைக்கும். அப்பீல் உரிமையை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திட்டவருக்கும் இது பொருந்தும் என்று கார்ஸா எதிர் ஐடஹோ வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் ‘சொன்னேன்’ என்பதற்கு ஒரு தாளாவது வேண்டும்.

டாலஸ்

மாநில வழக்கு என்றால் கெடு இடத்துக்கு இடம் மாறும். நியூயார்க், ஃப்ளோரிடா 30 நாள். நியூஜெர்சி 45. கலிபோர்னியாவில் ஃபெலனிக்கு (பெரிய குற்றம்) 60, மிஸ்டிமீனருக்கு (சிறு குற்றம்) 30. டெக்சாஸில் தண்டனை விதித்த நாளிலிருந்து 30 நாள். அந்த 30 நாளுக்குள் மறுவிசாரணை கோரி மனுப் போட்டிருந்தால் 90 நாள். டெக்சாஸில் அந்த மனுவுக்கு இன்னொரு பயனும் உண்டு. விசாரணையில் பதிவாகாத விஷயத்தை, உதாரணமாக ஜூரியில் ஒருவர் முறைதவறி நடந்ததை, சாட்சியோடு ரெக்கார்டுக்குள், அதாவது கீழ்க் கோர்ட்டின் பதிவுக்குள், கொண்டுவர அதுவே முதல் வாய்ப்பு.

டெக்சாஸில் உச்சியில் இரண்டு கோர்ட்டுகள் என்பதையும் பலர் கவனிப்பதில்லை. டெக்சாஸ் சுப்ரீம் கோர்ட் சிவில் வழக்குகளுக்கு; குற்ற வழக்குக்குக் கடைசி இடம் கோர்ட் ஆஃப் கிரிமினல் அப்பீல்ஸ். மரண தண்டனை மட்டும் இடையில் நிற்காமல் நேரே அங்கே போகும்.

ஹார்ட்ஃபோர்ட்

அப்பீல் என்பது இரண்டாவது விசாரணை அல்ல. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். மேல் கோர்ட்டில் சாட்சி ஏற மாட்டார், புதிய வீடியோ போட முடியாது, ஜூரி கிடையாது. மூன்று நீதிபதிகள் முன்னால் இருப்பது கீழ்க் கோர்ட்டின் ரெக்கார்ட் மட்டுமே: மனுக்கள், சான்றுப் பொருட்கள், கோர்ட்டில் பேசியதை ஸ்டெனோகிராபர் எழுத்தில் எடுத்த டிரான்ஸ்கிரிப்ட். ஃபெடரலில் அறிவிப்புக் கொடுத்த 14 நாளுக்குள் டிரான்ஸ்கிரிப்டுக்கு ஆர்டர் கொடுக்க வேண்டும். இறுதி வாதம், ஜூரித் தேர்வு, ஜூரிக்கு நீதிபதி சொன்ன விளக்கம் இவையெல்லாம் ஆர்டரில் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். தவறு பெரும்பாலும் ஒளிந்திருப்பது அந்த விளக்கத்தில்தான். மேடைக்கருகில் வக்கீல்களும் நீதிபதியும் தாழ்ந்த குரலில் பேசியது பதிவாகாமல் விட்டுப்போயிருந்தால், மேல் கோர்ட்டைப் பொறுத்தவரை அது நடக்கவே இல்லை.

ரெக்கார்ட் மேல் கோர்ட்டுக்கு வந்து சேர்ந்ததும் அப்பீல் செய்பவரின் பிரீஃபுக்கு (எழுத்து வாதம்) 40 நாள், அரசுத் தரப்புக்கு 30, பதிலுக்கு 21. வரம்பு 13,000 சொற்கள், பதிலுக்கு அதில் பாதி. இருபது குறைகளை அடுக்குகிற பிரீஃபைவிட, மூன்றே குறைகளைப் பக்கமும் வரியும் காட்டி எழுதியது எடுபடும்.

எந்தக் குறைக்கு எந்த அளவுகோல் என்பதில்தான் வெற்றி தோல்வியே. சட்டக் கேள்வி என்றால் மேல் கோர்ட் தானே புதிதாக முடிவு செய்யும். ஒரு சான்றை அனுமதித்தது சரியா என்றால் கீழ் நீதிபதிக்கு நிறைய விட்டுக்கொடுக்கும். ‘சாட்சியம் போதாது’ என்ற வாதம் கேட்க இனிக்கும், ஆனால் 1979-இன் ஜாக்சன் எதிர் வர்ஜீனியா வகுத்த அளவுகோல் கடினமானது. சாட்சியத்தை அரசுத் தரப்புக்குச் சாதகமாகவே வைத்துப் பார்த்து, நியாயமான எந்த ஜூரியாவது இந்த முடிவுக்கு வந்திருக்க முடியுமா என்று மட்டுமே கேட்பார்கள். சாட்சி பொய் சொன்னார் என்பது அங்கே எடுபடாது. அரிதாக அந்த வாதம் ஜெயித்தால் மட்டும் மறுபடி விசாரிக்க முடியாது, வழக்கு அதோடு முடிந்தது. மற்ற வெற்றிகளில் பெரும்பாலும் கிடைப்பது விடுதலை அல்ல, மறுவிசாரணை.

தவறு நடந்தது நிஜம் என்றாலும் போதாது. அது முடிவைப் பாதிக்காத தவறு என்று சொல்லித் தள்ளுபடி செய்யலாம். அரசியலமைப்பு உரிமை மீறப்பட்டிருந்தால், பாதிக்கவில்லை என்று ஐயமறக் காட்டும் பொறுப்பு அரசின் தலையில். அடுத்தது ஆட்சேபணை. சாட்சி சொன்ன நிமிடத்தில் எழுந்து ‘அப்ஜெக்‌ஷன், ஹியர்சே’ (ஆட்சேபிக்கிறேன், இது பிறர் சொல்லக் கேட்டது) என்று சொல்லி, நீதிபதி அதைத் தள்ளியிருந்தால் பாயின்ட் உயிரோடு இருக்கும். வக்கீல் வாய் திறக்கவில்லையென்றால் மிஞ்சுவது பளிச்சென்று தெரியும் தவறுக்கான சோதனை ஒன்றுதான். அதில் தேறுவது அபூர்வம்.

தமிழர்கள் பலருக்கும் தெரிந்த உதாரணம், உள்தகவலை வைத்துப் பங்கு வியாபாரம் செய்ததாக நிதி நிறுவனர் ராஜ் ராஜரத்தினம் மேல் வந்த வழக்கு. 2011 மே மாதம் 14 குற்றச்சாட்டுகளிலும் குற்றவாளி, பிறகு 11 ஆண்டு சிறை. அப்பீலின் மையம் போன் ஒட்டுக்கேட்பு. அனுமதி கேட்ட மனுவில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஸ்.இ.சி. ஏற்கெனவே விசாரித்துவந்ததை மறைத்தார்கள் என்பது வாதம். விசாரணைக்கு முன்பே மனுப் போட்டு, அதன்மேல் தனி விசாரணை நடந்து, தோற்று, அந்த உத்தரவை ரெக்கார்டில் வைத்துக்கொண்டுதான் மேலே போனார்கள். ஒரு பாயின்டைக் காப்பாற்றி வைப்பது இப்படித்தான். அப்படியும் 2013 ஜூனில் ஃபெடரல் அப்பீல் கோர்ட்டான செகண்ட் சர்க்யூட் தீர்ப்பை உறுதிசெய்தது: விடுபட்டவற்றைச் சேர்த்திருந்தாலும் அனுமதி கிடைத்தே இருக்கும் என்றது. 2014-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்கொள்ள மறுத்தது.

குயின்ஸ்

ஹார்ட்ஃபோர்ட் அண்ணா சொன்னதற்கு நியூயார்க்கில் ஒரு விதிவிலக்கு உண்டு. இங்கே முதல் அப்பீலைக் கேட்கும் அப்பெலேட் டிவிஷன் சாட்சியத்தின் எடையையே தானாகச் சீர்தூக்கிப் பார்க்கலாம். நீதியின் நலன் கருதி, ஆட்சேபிக்காமல் விட்ட தவறையும் எடுத்துக்கொள்ளலாம். கடுமையான தண்டனையைக் குறைக்கவும் அதிகாரம் உண்டு. ஆல்பனியில் உள்ள மாநிலத்தின் உச்சக் கோர்ட்டான கோர்ட் ஆஃப் அப்பீல்ஸுக்குப் பொதுவாக அந்த வசதி கிடையாது. ஆகவே இங்கே முதல் அப்பீலில்தான் முழு பலத்தையும் காட்ட வேண்டும்.

முதல் அப்பீலுக்கு வசதியில்லாதவருக்கு இலவச வக்கீல் அரசியலமைப்பு உரிமை. 1963 முதல் அப்படித்தான். அதற்கு மேல், கோர்ட் விரும்பினால் எடுக்கும் கட்டங்களுக்கு அந்த உரிமை இல்லை. நியமிக்கப்பட்ட வக்கீல் ‘வாதிட ஒன்றுமில்லை’ என்று ஆண்டர்ஸ் பிரீஃப் போட்டால் பயந்துவிடாதீர்கள். தண்டனை பெற்றவர் தானே எழுதிக் கொடுக்க வாய்ப்பு உண்டு, கோர்ட்டும் ரெக்கார்டைத் தானே பார்க்க வேண்டும்.

ஃப்ரீமான்ட்

ஜூரி வரை போகாமல் குற்றத்தை ஒப்புக்கொண்ட வழக்குகள்தான் எண்ணிக்கையில் அதிகம். அங்கே அப்பீல் மிகக் குறுகலானது. சட்டவிரோதச் சோதனையில் கிடைத்த பொருள் என்ற வாதத்தைக் காப்பாற்ற வேண்டுமானால், ஃபெடரலில் அரசுத் தரப்பும் நீதிபதியும் சம்மதித்த நிபந்தனையோடு, எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும். கலிபோர்னியாவில் ஒப்புதலே செல்லாது என்று வாதிட, விசாரணைக் கோர்ட்டின் சான்றிதழ் வேண்டும். அது இல்லாமல் போட்ட அப்பீல் வாசலிலேயே நிற்கும். இன்னொன்றையும் யோசியுங்கள்: ஒப்புதலை ரத்து செய்து ஜெயித்தால், பேரத்தில் கைவிட்ட குற்றச்சாட்டுகளும் திரும்ப வரலாம்.

ஹெச்-1பி, கிரீன் கார்டு உள்ளவர்கள் கவனிக்க. ஒப்புக்கொண்டால் நாடு கடத்தப்படுவார் என்பது தெளிவாக இருக்கும்போது அதை வக்கீல் சொல்லியாக வேண்டும் என்பது 2010-இன் படில்யா தீர்ப்பு. சொல்லவில்லையென்றால் தண்டனையை ரத்து செய்யக் கேட்கலாம். ஆனால் ரத்து உத்தரவில் சட்டக் குறையே காரணமாக இருக்க வேண்டும். குடியேற்றச் சிக்கலுக்காக இரங்கி ரத்து செய்ததாக எழுதியிருந்தால் குடியேற்றத் துறை அதை ஏற்காது. கலிபோர்னியாவில் தண்டனை முடிந்து வெளியே வந்தவர்களும் மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 1473.7 பிரிவில் இப்படிக் கேட்கலாம்.

எடிசன்

அப்பீலில் தோற்ற பிறகு வருவதில்தான் நிறையப் பேர் விழுகிறார்கள். ஃபெடரலில் மறுபரிசீலனை மனுவுக்கு 14 நாள். வாஷிங்டனில் உள்ள அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு 90 நாள்; ஒன்பது நீதிபதிகளில் நால்வர் சம்மதித்தால்தான் வழக்கை எடுப்பார்கள்.

வக்கீல் சரியாக வாதாடவில்லை என்ற குறைக்குப் பெரும்பாலும் நேரடி அப்பீல் இடமல்ல, ரெக்கார்டுக்கு வெளியே உள்ள ஆதாரம் தேவை. ஃபெடரல் கைதிக்கு 2255 மனு (தண்டனை விதித்த கோர்ட்டிலேயே அதை ரத்து செய்யக் கேட்பது). மாநிலக் கைதி முதலில் மாநிலத்தில் தனி மனு, பிறகு ஃபெடரல் ஹேபியஸ் (சிறைவைத்ததே சட்டவிரோதம் என்று ஃபெடரல் கோர்ட்டில் போடும் மனு). ஹேபியஸுக்குப் போகிறவர் அதே குறையை, ஃபெடரல் அரசியலமைப்பு உரிமை என்று பெயர் சொல்லி, மாநிலத்தின் உச்சக் கோர்ட் வரை கேட்டிருக்க வேண்டும். ‘அவர்கள் எடுக்கப்போவதில்லை’ என்று அந்தக் கடைசி மனுவை விட்டுவிட்டால், ஃபெடரல் கதவும் சேர்ந்தே மூடிக்கொள்ளும்.

அடுத்த பொறி நாள்கணக்கு. 1996 சட்டப்படி ஹேபியஸுக்குக் கெடு ஒரு வருடம். மாநில உச்சக் கோர்ட் மறுத்து, வாஷிங்டனுக்குப் போகும் 90 நாளும் கழிந்த பிறகு அது தொடங்கும். மாநிலத்தில் முறையாகப் போட்ட மனு நிலுவையில் இருக்கும்வரை கடிகாரம் நிற்கும். ஏற்கெனவே ஓடியது ஓடியதுதான். நியூஜெர்சி அந்த மாநில மனுவுக்கு 5 வருடம் தருகிறது. ஐந்து வருடம் இருக்கிறதே என்று மூன்றாம் வருடம் மனுப் போடுகிறவருக்கு ஃபெடரல் கெடு எப்போதோ முடிந்திருக்கும், மனுப் போட்டதால் அது புதிதாகப் பிறக்காது. பத்து மாதம் கழித்துப் போட்டவருக்கு மிஞ்சுவது இரண்டு மாதம். மாநிலம் அந்த மனுவை இறுதியாகத் தள்ளிய மறுநாளே அந்த இரண்டு மாதம் ஓடத் தொடங்கும். இந்த முறை 90 நாள் சலுகை கிடையாது.