2001 செலிக்கா ஜிடி-எஸ்: 6200க்கு மேலை இழுக்குதில்லை. கையிலை இருக்கிற 4000 டொலரை எதிலை போடலாம்?

செலிக்காத் தம்பி:
வணக்கம் அண்ணைமார். போன ஐப்பசியிலை ஒரு 2001 ரொயோட்டா செலிக்கா ஜிடி-எஸ் வாங்கினனான். ஆறு கியர் மனுவல், ஓடினது 2,38,000 கிலோமீற்றர். பின் சில்லு வளைவிலை கொஞ்சம் கறள், மற்றும்படி பொடி நல்லம். ஸ்காபரோவிலை இருந்து ஒவ்வொரு நாளும் 401 நெடுஞ்சாலையிலை வேலைக்குப் போய் வாறதும் இதிலைதான்.

பிரச்சினை இதுதான். 6200 ஆர்பிஎம் (எஞ்சின் நிமிசத்துக்குச் சுத்துற எண்ணிக்கை) தாண்டினால் வேறை ஒரு எஞ்சின் முழிச்சுக்கொள்ளும் எண்டு எல்லாரும் சொல்லுகினம். என்ரையிலை அப்பிடி ஒண்டும் நடக்குதில்லை. 6000 வரை ஒழுங்காய்ப் போகுது. அதுக்கு மேலை சத்தம் மட்டும் ஏறுது, கார் களைச்ச பஸ் மாதிரி நிக்குது. எஞ்சின் லைற் எரியேல்லை.

கோடைக்குள்ளை 4000 டொலர் சேரும். என்ரை யோசினை: முதல் இன்ரேக் (காத்து உள்ளை போற குழாய்), பிறகு ஹெடர் (எஞ்சினிலை இருந்து புகை வெளியேறுற முதல் குழாய்), எக்ஸ்ஹோஸ்ற், காசு மிஞ்சினால் ஒருத்தர் விக்கிற பழைய ரேர்போ கிற் (எஞ்சினுக்குள்ளை காத்தை அமத்தி ஏத்துற சாமான்). ஒரு கடையிலை கேட்டன், "ரேர்போவைப் போடும், எல்லாம் சரிவரும்" எண்டு சொல்லிச்சினம். கயூகா கார்ப் பந்தய ட்ராக்குக்கு வருசத்திலை ரெண்டு தரம் போகவும் ஆசை. எந்த ஒழுங்கிலை செய்யலாம்?

பழைய ஸ்பானர்:
தம்பி, ரேர்போவைப் பிறகு கதைப்பம். 180 குதிரைவலு எஞ்சின் வாங்கியிருக்கிறீர், அதிலை கொஞ்சத்தைக் கார் உமக்கு இன்னும் தரேல்லை. முதல் அதை வாங்கிக்கொள்ளும்.

உம்மடை எஞ்சின் 2இசட்இசட்-ஜிஇ, 1.8 லீற்றர். யமஹாவோடை சேர்ந்து செய்தது. வால்வைத் திறக்கிற கேம் ஷாஃப்ற்றிலை ஒவ்வொரு சோடி வால்வுக்கும் ரெண்டு மேடு இருக்கு, ஒண்டு பதிவு, மற்றது உயரம். சும்மா ஓடேக்கை பதிஞ்ச மேடுதான் வேலை செய்யும். உயர்ந்த மேடு றொக்கருக்கு (வால்வை அமத்துற கைக்கு) மேலை இருக்கிற ஒரு சின்னத் துண்டைத் தட்டிக்கொண்டு சும்மா சுத்தும். 6200 கிட்ட வந்த உடனை எண்ணெய் அழுத்தம் ஒரு குட்டிப் பின்னைத் தள்ளி அந்தத் துண்டுக்குக் கீழை செருகும். அதுக்குப் பிறகு உயர்ந்த மேடு சொல்லுறதுதான் சட்டம். வால்வ் கூடத் திறக்கும், எஞ்சின் கத்தும். இதைத்தான் லிஃப்ற் எண்டுறது.

ஆகமொத்தம் முழுக்க எண்ணெயை நம்பின விளையாட்டு. அதாலை இந்த ஒழுங்கிலை பாரும்:

எஞ்சின் நல்லாச் சூடாகி இருந்ததோ? தண்ணி 60 பாகை தாண்டாட்டில் ஈசியூ (எஞ்சினின்ரை கொம்பியூட்டர்) லிஃப்ற்றுக்கு விடாது. மாசி மாதத்திலை வீட்டு வாசலிலை மிதிச்சுப் பாத்திட்டு "வேலை செய்யேல்லை" எண்டு அழுத ஆக்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது எண்ணெய் மட்டம் பாக்கிற டிப் ஸ்ரிக். இந்த எஞ்சினுக்கு 4.4 லீற்றர் மட்டிலை போகும். ஒரு லீற்றர் குறைஞ்சாலே மேல் ஆர்பிஎம்மிலை கரைச்சல் தரும்.

மூண்டாவது, லிஃப்ற்றுக்கான ஓயில் கொன்ரோல் வால்வுக்கு ஒரு குட்டி வலை ஃபில்ரர் இருக்கு. கழட்டிப் பாரும், கறுப்புச் சேறு அடைச்சிருக்கும்.

இவ்வளவும் சரியெண்டால் வால்வ் கவரைத் திறக்க வேணும். றொக்கர் ஷாஃப்ற்றைப் பிடிக்கிற ரெண்டு போல்ற் இருக்கு, இன்ரேக் பக்கம் ஒண்டு, எக்ஸ்ஹோஸ்ற் பக்கம் ஒண்டு. எங்கடை ஆக்கள் லிஃப்ற் போல்ற் எண்டுவினம். எண்ணெய் போற வழியிலை இருக்கிற போல்ற். அது தேஞ்சால் அழுத்தம் அதாலை கசியும், அந்தக் குட்டிப் பின் நகராது. உம்மடை காரின்ரை வயசுக்கு எனக்கு அதிலைதான் சந்தேகம். லைற் எரிய வேணும் எண்டில்லை.

மிசிசாகா மணி:
ஸ்பானர் அண்ணன் சொன்னதுதான் முதல் வேலை. நான் கணக்கு மட்டும் போடுறேன், ஏன்னா இந்த வண்டியில கியர் விகிதம் தெரியாம பணம் போட்டா வீண்.

உங்க ஆறு கியர் பெட்டி: 3.166, 2.05, 1.481, 1.166, 0.916, 0.725. சிவப்புக் கோடு (எஞ்சினை அதுக்கு மேல சுத்த விடக் கூடாத எல்லை) 7800. முதல் கியர்ல 7800 வரை இழுத்து இரண்டாவது போட்டா முள் 5050ல விழும். இரண்டுல இருந்து மூணு போட்டா 5630 கிட்ட. மூணுல இருந்து நாலுக்கு 6140. லிஃப்ட் ஆரம்பிக்கிறதே 6200ல. அதாவது வண்டி புதுசா இருந்தப்பவே கியர் மாத்துற ஒவ்வொரு தடவையும் லிஃப்டை விட்டுக் கீழ விழுந்து, திரும்ப ஏறணும்.

அதனால இந்த எஞ்சினுக்கு உருப்படியான ஒரே மாற்றம்னு என்னைக் கேட்டா, லிஃப்ட் புள்ளியைக் கீழ இறக்குற ட்யூனிங்தான். அபெக்ஸி பவர் எஃப்சி மாதிரி ஒரு ஈசியூ பழசா நல்ல நிலையில கிடைச்சா விடாதீங்க. லிஃப்டை 5600 பக்கம் கொண்டு வந்தா இரண்டு-மூணு மாத்தும்போது விழாது, மூணு-நாலுல நிச்சயமா விழாது. இன்டேக் மட்டும் மாத்தினா சத்தம் கூடும், பக்கத்து வீட்டுக்காரர் உங்களைப் பார்க்கிற பார்வை மாறும். அவ்வளவுதான்.

ஹெடர் வாங்கும்போது புகையைச் சுத்தம் பண்ற கேட்டலிடிக் கன்வெர்ட்டரை எடுத்துடுறது மாதிரி எதுவும் செய்யாதீங்க. ஒன்டாரியோவுல 2019ல டிரைவ் கிளீன் புகைச் சோதனையை நிறுத்திட்டாங்க, ஆனா அந்தச் சாமானைக் கழட்டுறது இன்னும் சட்டவிரோதம்தான். இன்சூரன்ஸ்காரங்ககிட்ட எந்த மாற்றத்தையும் முன்னாடியே சொல்லிடுங்க. விபத்துக்கு அப்புறம் அவங்களா கண்டுபிடிச்சா க்ளெய்ம் போச்சு.

செலிக்காத் தம்பி:
நன்றி அண்ணை, நன்றி மணி அண்ணா. சனிக்கிழமை பாத்தன். சொல்ல வெக்கமாய்த்தான் இருக்கு: டிப் ஸ்ரிக்கின்ரை கீழ்க்கோட்டிலைகூட எண்ணெய் இல்லை. ஒரு லீற்றருக்குக் கிட்ட ஊத்தினனான். வலை ஃபில்ரரைக் கழட்டினன், கொஞ்சம் ஊத்தை, ஆனால் அடைப்பு இல்லை. கழுவிப் பூட்டினன். நல்லாச் சூடாக்கி ஓடிப் பாத்தன். அதே பஸ்தான்.

அடுத்த கிழமை மச்சானையும் கூப்பிட்டு வால்வ் கவரைத் திறக்கப் போறன்.

கையிலை கிறீஸ்:
திறக்கேக்கை புது காஸ்கெற் (எண்ணெய் ஒழுகாமல் கவருக்குக் கீழை போடுறது) கையிலை இருக்கட்டும். பழசைத் திருப்பிப் போட்டு, எக்ஸ்ஹோஸ்ற்றிலை எண்ணெய் ஒழுகி, ட்ராஃபிக்கிலை புகை வந்து, நான் பட்ட பாடு காணும்.

இன்னொண்டு, ஒருத்தரும் சொல்லேல்லை எண்டபடியால் சொல்லுறன். நானும் உதே மொடல்தான் வைச்சிருந்தனான். எஞ்சினைத் தாங்கிற மவுண்ட் இத்துப்போய், கியர் லீவரின்ரை புஷ்ஷும் தேஞ்சு, லீவர் கஞ்சிக்குள்ளை விட்ட அகப்பை மாதிரி ஆடும். நான் அதைப் பாக்காமல் ஹெடருக்குக் காசைக் குடுத்தனான். ஒருநாள் மூண்டாம் கியரிலை சிவப்புக் கோட்டிலை நிண்டு நாலைப் போட இழுத்தன், விழுந்தது இரண்டு. கிளட்ச்சை விட்ட உடனை "டக்" எண்டு ஒரு சத்தம். எண்ணெய் லைற் எரிஞ்சது. ஓயில் பம்பின்ரை பல்லுச் சில்லு வெடிச்சுப்போச்சு. ரோட்டுக் கரையிலை நிப்பாட்ட முன்னமே எஞ்சின் முடிஞ்சுது.

மிசிசாகா மணி:
கணக்குப்படி அந்த நொடியில உங்க எஞ்சின் 10,800 சுத்தியிருக்கும். ரெவ் லிமிட்டர் பெட்ரோலைத்தான் நிறுத்தும், சக்கரம் பிடிச்சு இழுக்கிறதை அதால தடுக்க முடியாது.

கையிலை கிறீஸ்:
இப்ப சொல்லும் ராசா, எட்டு வருசத்துக்கு முன்னம் சொல்லியிருக்கலாம்.

செலிக்காத் தம்பி:
திறந்தாச்சு. எக்ஸ்ஹோஸ்ற் பக்கப் போல்ற் பரவாயில்லை. இன்ரேக் பக்கத்தைக் கழட்டி துணியாலை துடைச்சுப் பாத்தால், தலைக்குக் கீழை இடுப்பு மாதிரி ஒரு இடம் ஒரு பக்கம் மட்டும் அரிஞ்சு போயிருக்கு. கண்ணுக்கு மினுமினுப்பாய் வடிவாய்த்தான் தெரியுது. நகத்தை மேலை இருந்து கீழை இழுத்தால் அந்தப் பள்ளத்திலை நகம் பிடிபட்டு நிக்குது. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் முறிஞ்சிருக்கும் எண்டு மச்சான் சொல்லுறான். கேம் மேடுகளை ரோச் அடிச்சுப் பாத்தன், கீறல் ஒண்டும் இல்லை.

ரெண்டு போல்ற்றும் புதுசு ஓடர் பண்ணியிருக்கிறன். பழசை அப்பிடியே பூட்டி வேலைக்கு ஓடலாமோ?

பழைய ஸ்பானர்:
5000க்கு மேலை போகாமல் ஓடலாம். ஆனால் நானெண்டால் பஸ்ஸிலை போவன். தலை முறிஞ்சு வால்வ் ட்ரெயினுக்குள்ளை விழுந்தால் உம்மடை 4000ம் அதோடை போகும். புதுசு வரேக்கை, பிறகு வந்த திருத்தின போல்ற்றோ எண்டு பாத்து வாங்கும். மனுவல் புத்தகத்திலை சொன்ன அளவுக்கு, இறுக்கத்தை அளக்கிற டோர்க் ரெஞ்சாலை இறுக்கும், கை உறைப்பிலை இறுக்க வேண்டாம்.

செலிக்காத் தம்பி:
அண்ணைமார்!!! வேலை செய்யுது!

புதுப் போல்ற், புது காஸ்கெற், புது ஓயில் எல்லாம் போட்டு, இருபது நிமிசம் சூடாக்கி, 401 ஏறுற ராம்பிலை இரண்டாம் கியரிலை மிதிச்சன். முள் 6200ஐத் தொட்ட உடனை ஆரோ பின்னாலை இருந்து கதிரையைத் தள்ளின மாதிரி. சத்தமே மாறிப்போச்சு. பக்கத்திலை இருந்த மச்சான் "டேய், என்னடா இது" எண்டு கதவைப் பிடிச்சிட்டான்.

மிசிசாகா மணி:
வாழ்த்துகள்! 205/50 16 இஞ்ச் டயர்னா இரண்டாவது கியர்ல லிஃப்ட் வர்றது 77 கிமீ பக்கம், சிவப்புக் கோடு 97ல. 401ல ஸ்காபரோ பக்கம் 100தான் எல்லை, அதனால ராம்பில இரண்டாவது கியரோட ஆசையை முடிச்சுக்கலாம். மூணாவதுல அந்தச் சத்தத்தைக் கேக்கணும்னா கயூகா போங்க. நெடுஞ்சாலையில எல்லைக்கு மேல 50 போனா ஸ்டன்ட் டிரைவிங், ரோட்டோரத்திலேயே 30 நாள் லைசன்ஸும் 14 நாள் வண்டியும் போயிடும்.

செலிக்காத் தம்பி:
விளங்குது அண்ணா. அப்ப ரேர்போ? அந்தாள் இன்னும் விக்கேல்லையாம், விலையும் குறைக்கிறாராம்.

பழைய ஸ்பானர்:
விலை குறையிறதுக்கும் காரணம் இருக்கும். இந்த எஞ்சினின்ரை கொம்பிரெஷன் (சிலிண்டருக்குள்ளை காத்துக் கலவையை அமத்துற அளவு) ஏற்கெனவே 11.5:1, ரேர்போவுக்கு எண்டு செய்த எஞ்சின் இல்லை. சிலிண்டர் சுவரும் வழமையான இரும்பு ஸ்லீவ் இல்லை, ஒரு கலவை உலோகம். பிழைச்சால் கொஞ்சம் துளைச்சுப் பெரிய பிஸ்ரன் போடுவம் எண்டு சாதாரண மெஷின் ஷொப்பிலை குடுக்கேலாது. காற்று அழுத்தமே ஆகாது எண்டு நான் சொல்லேல்லை. 2006இலை லோட்டஸ் எக்ஸீஜ் எஸ் காரிலை இதே எஞ்சினுக்கு காத்தை அமத்திற சூப்பர்சார்ஜரும் அந்தக் காத்தைக் குளிராக்கிற இன்ரர்கூலரும் பூட்டி 218 குதிரைவலு எடுத்தவை. ஆனால் ஒரு தொழிற்சாலை பெற்றோல், ட்யூனிங் எல்லாம் அளந்து செய்தது வேறை, ஆரோ கழட்டி வைச்ச கிற்றை 2,38,000 ஓடின எஞ்சினிலை பூட்டுறது வேறை.

லோட்டஸை ஏன் சொல்லுறன் எண்டால், சூப்பர்சார்ஜர் இல்லாத எலீஸிலையும் உதே எஞ்சின்தான், 190 குதிரைவலு. உம்மடையோடை வித்தியாசம் 10. எடை 900 கிலோ மட்டிலை. உம்மடை கார் 1130. வேகம் எங்கை ஒளிஞ்சிருக்கு எண்டு நீரே பாரும். பின் சீற்றிலை ஆரையாவது ஏத்துறனீரோ?

செலிக்காத் தம்பி:
அம்மாவின்ரை அரிசி மூட்டை மட்டும்.

பழைய ஸ்பானர்:
அப்ப ட்ராக்குக்குப் போகேக்கை அதை இறக்கிப்போட்டுப் போம்.

என்ரை கணக்கு இதுதான். முதல் எஞ்சின் மவுண்டும் கியர் லீவர் புஷ்ஷும், கிறீஸ் பட்டதை வாசிச்சனீர்தானே. அடுத்தது நாலு நல்ல கோடை ரயர், முன் பிறேக் பாட், புது பிறேக் ஃப்ளூயிட் டொட் 4. கயூகாவிலை மூண்டாவது சுற்றிலை பெடல் கீழை போகேக்கை ஹெடர் வந்து காப்பாத்தாது. பிறகு ஷொக் அப்சோபர். இந்தக் காரின்ரை ஒறிஜினல் ஷொக் இன்னும் இருந்தால் அது இப்ப வெறும் குழாய். கழட்ட முன்னம் ரெண்டு மூண்டு நாள் தொடர்ந்து எண்ணெய் ஸ்பிறே அடியும், இஞ்சத்தைப் பனிகால றோட்டு உப்பிலை கீழ் போல்ற் எல்லாம் பிடிச்சுப்போய் இருக்கும். மிஞ்சிற காசுக்கு மணி சொன்ன ஈசியூ. ஹெடர் அடுத்த வருசம் பாப்பம்.

91 ஒக்ரேன் அடிக்கிறனீர்தானே? 87 அடிச்சுக்கொண்டு ஈசியூ தேடினால் நான் இனிப் பதில் எழுத மாட்டன்.

செலிக்காத் தம்பி:
91தான் அண்ணை, சத்தியமாய். இண்டைக்குக் காலமை ஜாக்கி போட்டுப் பாத்தன், வலப்பக்க மவுண்ட் றப்பர் ரெண்டாய்ப் பிளந்து இரும்பிலை இரும்பு முட்டுது. நாலு மவுண்ட்டும் ஓடர் போட்டாச்சு. ரேர்போக்காரருக்கு வேண்டாம் எண்டு மெசேஜ் அனுப்பிட்டன்.

ரயருக்கு 205/50 16ஐயே வைச்சிருக்கவோ, 215/45 17க்குப் போகவோ?

கையிலை கிறீஸ்:
16ஐ வைச்சிரும். 17 ரிம் பாரம் கூட, ரயரும் விலை. அந்தக் காசுக்கு இன்னொரு நாள் ட்ராக்கிலை ஓடலாம்.

மிசிசாகா மணி:
கயூகா போற தேதியைப் போடுங்க. டோர்க் ரெஞ்சும் ஒரு லிட்டர் 5டபிள்யூ-30 எஞ்சின் ஆயிலும் நான் கொண்டு வர்றேன். டிப் ஸ்டிக்கை நீங்களே பார்த்துக்கணும்.