லிஃப்டில் ஒட்டும் நோட்டீஸில் ‘சாதி’ வேண்டுமா, வேண்டாமா?

அல்சூர்வாசி:
பெங்களூர் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் எஸ்.டி.பி. (கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம்) தொட்டியில் சுத்தம் செய்ய ஆளை இறக்குவதை நிறுத்தச் சொல்லி ஒரு நோட்டீஸ் தயாராகிறது. லிஃப்டுக்குள் ஒட்டுவதற்கு, ஏ4 தாளில். இப்போதைய வாசகம்: “மனிதம் காப்போம்! சாக்கடையில் மனிதரை இறக்கும் சாதிக் கொடுமைக்கு முடிவு கட்டுவோம்! விழித்தெழு பெங்களூரே!”
‘சாதி’ என்று பார்த்தாலே குடியிருப்பவர்கள் முகம் திருப்பிக்கொள்வார்கள், எடுத்துவிடலாம் என்கிறார்கள் குழுவில் பாதிப் பேர். உங்கள் கருத்து?

ஒயிட்ஃபீல்ட் கணக்கர்:
எடுத்துவிடுங்கள். ‘மனிதம் காப்போம்’, ‘விழித்தெழு’ இரண்டையும் சேர்த்தே எடுங்கள். மனிதம் காக்க மாட்டேன் என்று யார் சொல்லப்போகிறார்? தலையாட்டிவிட்டு ஐந்தாவது மாடியில் இறங்கிவிடுவார். அடுத்த முறை பம்ப் அடைத்துக்கொண்டால் அசோசியேஷன் பொருளாளர் அதே காண்ட்ராக்டருக்குத்தான் போன் போடுவார். நீங்கள் மாற்ற வேண்டியது அந்த ஒரு போன் காலை.
அவரிடம் சட்டத்தைச் சொல்லுங்கள். கையால் மலம் அள்ளவைப்பதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, கழிவுநீர்க் குழாயிலும் செப்டிக் தொட்டியிலும் ஆளை வைத்து ஆபத்தான முறையில் சுத்தம் செய்யவைப்பதை, ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ செய்தாலும், தடை செய்கிறது. காண்ட்ராக்டர் தலையில் கட்டிவிட்டு ஒதுங்க முடியாது. முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் 5 ஆண்டு, 5 லட்சம் வரை போகும். இதைப் படித்தவர் காண்ட்ராக்டரிடம் கேள்வி கேட்பார். சாதி என்று ஆரம்பித்தால், “எங்கள் அபார்ட்மெண்டில் அதெல்லாம் பார்ப்பதில்லை” என்ற பதிலோடு பேச்சு முடிந்துவிடும்.

தமுக்கு:
கடுமையாக மறுக்கிறேன். சாதியை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் பாதுகாப்புக் கருவிப் பிரச்சினை. காண்ட்ராக்டர் ஒரு துணி மாஸ்க் வாங்கிக் கொடுத்து, போட்டோ எடுத்து கமிட்டி வாட்ஸ்அப் குழுவில் போடுவார், எல்லோரும் நிம்மதியாகிவிடுவார்கள். தொட்டியில் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷவாயுவைத் துணி மாஸ்க் தடுக்காது. அந்தத் தொட்டிக்கு எப்போதும் ஏன் ஒரே சமூகங்களைச் சேர்ந்தவர்களே கூப்பிடப்படுகிறார்கள் என்ற கேள்வியும் யார் மனதிலும் வராது.
சட்டத்தைக் காட்டுவதென்றால் முழுசாகக் காட்டுங்கள், கணக்கரே. பட்டியல் சாதியினரையும் பழங்குடியினரையும் கையால் மலம் அள்ளவைப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழும் குற்றம். 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அது தெளிவாகச் சேர்க்கப்பட்டது. சட்டமே சொல்லத் தயங்காததை நோட்டீஸ் ஏன் மறைக்க வேண்டும்?
கோலார் தங்கவயலில் பிறந்த பெஜவாடா வில்சனும், கையால் மலம் அள்ளுவதை ஒழிக்கப் போராடும் அவரது அமைப்பான சஃபாய் கர்மசாரி ஆந்தோலனும் 2022இல் தொடங்கிய இயக்கத்தின் முழக்கம், ‘எங்களைக் கொல்வதை நிறுத்துங்கள்’ என்பது. பாதிக்கப்படுபவர் தன் வாயால் பேசுகிறார். உங்கள் வாசகத்தில் அவர் எங்கே? பெங்களூரைத்தான் எழுப்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

கே.ஆர்.புரம் செல்வி:
சண்டைக்கு நடுவே படத்தை மறந்துவிட்டீர்கள். கழுத்தளவு கழிவில் நிற்பவரின் போட்டோ வேண்டவே வேண்டாம். பார்ப்பவருக்கு முதலில் வருவது அருவருப்பு, கண்ணைத் திருப்பிக்கொள்வார். அதே லிஃப்டில் ஹவுஸ் கீப்பிங் அக்காவும் போய்வருகிறார். அது அவருடைய தம்பியாகவோ மாமாவாகவோ இருக்கலாம்.
எஸ்.டி.பி. அறையைக் காட்டுங்கள்: திறந்து கிடக்கும் மூடி, உள்ளே இறங்கும் இரும்பு ஏணி, வெளியே நிற்பவர் கையில் சாவிக்கொத்து. இறக்கியவர் ஒருவர் இருக்கிறார் என்பது சொல்லாமலே புரியும்.
இறந்தவரின் படமோ பெயரோ போடுவதானால் குடும்பத்திடம் அவர்கள் மொழியில் எழுத்து வடிவத்தைப் படித்துக்காட்டி அனுமதி வாங்குங்கள். துக்க வீட்டில் முதல் நாள் சொன்ன ‘சரி’ போதாது. சில வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். வேண்டாம் என்றால் உடனே எடுத்துவிடும்படி அச்சைக் குறைவாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒயிட்ஃபீல்ட் கணக்கர்:
@தமுக்கு, வன்கொடுமைச் சட்டத்தையும் சேர்க்கலாம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைப்பில் அல்ல. முதல் வரி படிப்பவரின் பொறுப்பைச் சொல்ல வேண்டும்.
இன்னொன்று. செத்தால் அசோசியேஷன் 30 லட்சம் கட்ட வேண்டும் என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது, அதை நகல் எடுக்காதீர்கள். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சமாக உயர்த்தியது உண்மை. அது கிடைக்கச் செய்யும் பொறுப்பைத் தீர்ப்பு அரசுகளிடம் தந்திருக்கிறது. ஒரு தகவல் தப்பானால் குடியிருப்பில் இருக்கும் வக்கீல் ஒருவரே போதும், மொத்த நோட்டீஸையும் கிழித்துவிடுவார்.

வளி:
வாயுவைப் பற்றி யாரும் எழுதவில்லையே. அடியில் படிந்த சேற்றைக் கிளறினால் ஹைட்ரஜன் சல்ஃபைடு குபுக்கென்று வரும். காற்றைவிடக் கனம், தொட்டிக்குள்ளேயே நிற்கும். கொஞ்சமாக இருந்தால் அழுகிய முட்டை நாற்றம். 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் போய்விட்டது, இனி பயமில்லை என்று இறங்குகிறார். 700ஐத் தாண்டினால் ஓரிரு மூச்சில் விழுந்துவிடுவார். காப்பாற்றக் குதிக்கும் அடுத்தவரும் அப்படியே. ஒரே தொட்டியில் இரண்டு, மூன்று பேர் சாவதற்குக் காரணம் இதுதான்.
அதனால் நோட்டீஸ் இரண்டு வேண்டும். லிஃப்டில் இருப்பது முடிவெடுப்பவருக்கு. எஸ்.டி.பி. அறைக் கதவில் இருப்பது ஆபரேட்டருக்கும் செக்யூரிட்டிக்கும்: “உள்ளே ஒருவர் விழுந்தால் இறங்காதே. 101 அல்லது 112ஐக் கூப்பிடு.” பெரிய எழுத்து, பெரிய படம், வேறு எதுவும் வேண்டாம். அங்கே சாதியும் வேண்டாம், சட்டப் பிரிவும் வேண்டாம்.

தமுக்கு:
@வளி, கதவு நோட்டீஸுக்கு முழுச் சம்மதம். லிஃப்டில் விட்டுக்கொடுக்க மாட்டேன். அங்கே நிற்பவர்களிடம்தான் சாதியைப் பேச வேண்டும்.

கே.ஆர்.புரம் செல்வி:
மொழி விஷயம். கன்னடம் மேலே, பெரிதாக. தமிழில் எழுதிவிட்டுக் கன்னடத்துக்கு மாற்றாதீர்கள், கன்னடத் தோழர்களையே எழுதச் சொல்லுங்கள். இது தமிழ்ச் சங்கத்து வேலை என்று தோன்றிவிட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். இங்கே துப்புரவு வேலையில் தெலுங்கு பேசுபவர்கள் ஏராளம், எஸ்.டி.பி. ஆபரேட்டர்களில் ஒடியா, வங்காளி, இந்திக்காரர்கள் இருக்கிறார்கள். தெருச் சுவரில் ஒட்டாதீர்கள். அனுமதியில்லாமல் ஒட்டினால், பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் கர்நாடகத்தின் 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கு வரும். லிஃப்டுக்கும் கமிட்டியின் எழுத்து அனுமதி வேண்டும்.

அல்சூர்வாசி:
எல்லாவற்றையும் வைத்துத் திருத்திய லிஃப்ட் வாசகம்:
“நம் எஸ்.டி.பி. தொட்டியில் ஆளை இறக்கினால் குற்றவாளி காண்ட்ராக்டர் மட்டுமல்ல. 2 ஆண்டு வரை சிறை. காண்ட்ராக்டரிடம் இன்றே கேளுங்கள்: உறிஞ்சும் வண்டி இருக்கிறதா? வாயு மீட்டர் இருக்கிறதா? ஆளை இறக்க மாட்டேன் என்று எழுதித் தருவாரா? தலைமுறை தலைமுறையாக ஒரே சாதிகளைச் சாகவிட்ட வேலை இது. நம் கட்டடத்தில் நிறுத்துவோம்.”

ஒயிட்ஃபீல்ட் கணக்கர்:
கடைசிக்கு முந்தைய வரி எனக்கு இன்னும் உறுத்துகிறது. மூன்று கேள்விகளும் அருமை. வாயு மீட்டரைக் கயிற்றில் கட்டி மேல், நடு, அடி மூன்று மட்டத்திலும் இறக்கிப் பார்க்க வேண்டும் என்பதைப் பின்பக்கம் போடுங்கள். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே போனாலோ, ஹைட்ரஜன் சல்ஃபைடு 10 பிபிஎம் தாண்டினாலோ கிட்டேயே போகக் கூடாது. மீட்டர் சரியாகக் காட்டினாலும் அது ஆளை இறக்க அனுமதி ஆகாது என்று அதன் கீழேயே எழுதுங்கள்.

தமுக்கு:
உறுத்த வேண்டிய வரிதான், அப்படியே இருக்கட்டும். அச்சுக்கு முன் இரண்டு வடிவத்தையும், அந்த வரியோடும் அது இல்லாமலும், ஐந்தைந்து பேரிடம் காட்டுங்கள். “பிடித்திருக்கிறதா” என்று கேட்காதீர்கள். தாளை வாங்கி வைத்துக்கொண்டு, “இதைப் படித்துவிட்டு நாளைக்கு என்ன செய்வீர்கள்?” என்று கேளுங்கள். “காண்ட்ராக்டரைக் கேட்பேன்” என்று எந்த வடிவத்தில் அதிகம் பேர் சொல்கிறார்களோ, அது அச்சுக்குப் போகட்டும். அந்தப் பத்துப் பேரில் துப்புரவுப் பணியாளர்களும் இருக்க வேண்டும்.

ஒயிட்ஃபீல்ட் கணக்கர்:
சரி. பொருளாளர்களை நான் பிடித்துத் தருகிறேன்.