விலங்குப் பெயர் எங்கிருந்து வந்தது? விளையாட்டில் சறுக்கியவர்கள் சொல்லுங்கள்

மழைத்தும்பி:
உங்களுக்கும் தெரிந்த விளையாட்டுதான். ஒருவர் விலங்கின் பெயரைச் சொல்வார், மற்றவர்கள் அது எப்படி வந்தது என்று ஊகிக்க வேண்டும். அன்றைக்கு வந்தது ஒட்டகச்சிவிங்கி. ஒட்டகம் சரி, சிவிங்கி என்றால் என்ன என்று தோழியின் எட்டு வயது மகள் கேட்டாள். எல்லோரும் முழிக்க, நான் யோசிக்காமல் "நீண்ட கழுத்து" என்றேன். கைதட்டல், புள்ளியும் எனக்கே. அவள் அதை நோட்டில் எழுதி அடியில் பென்சிலால் இரண்டு கோடு இழுத்தாள். அப்புறம் வீட்டில் அகராதியைப் பிரித்தால் சிவிங்கி என்பது ஒரு வகைச் சிறுத்தை, மின்னலாய் ஓடுமே அதுதான். ஒட்டகத்தின் உருவம், சிவிங்கியின் புள்ளி. கமேலோபார்டாலிஸ் என்ற அறிவியல் பெயரிலும் ஒட்டகமும் சிறுத்தையும்தான் இருக்கின்றன, கழுத்தே இல்லை. அந்த இரண்டு கோடுகள் கண்ணைவிட்டுப் போகமாட்டேன் என்கின்றன.

பழைய வாத்தியார்:
என்னுடையது கங்காரு. வெள்ளைக்காரர் "இது என்ன?" என்று கேட்டாராம், அங்கிருந்தவர் "தெரியாது" என்றாராம், அதுவே பெயராகிவிட்டதாம். பல வருடம் வகுப்பில் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் சிரிப்பு. ஒருநாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஐயா, தினமும் பார்க்கிற விலங்கின் பெயர் அவருக்கு எப்படித் தெரியாமல் போகும்?" என்றாள். நான் பக்கத்தைத் திருப்பிவிட்டேன். பிறகுதான் படித்தேன். 1770இல் ஆஸ்திரேலியக் கடலில் ஜேம்ஸ் குக் என்ற ஆங்கிலேயக் கடலோடியின் கப்பல் பாறையில் மோதிப் பழுதாகி ஆற்றங்கரையில் நின்றபோது குறித்துக்கொண்ட சொல் அது. அங்கிருந்த பழங்குடி மக்களின் கூகு யிமிதிர் மொழியில் 'கங்குர்ரு' என்பது ஒரு வகைப் பெரிய கங்காருவின் பெயரேதான். 1970களில் ஜான் ஹாவிலண்ட் என்ற ஆய்வாளர் அந்த மக்களிடமே கேட்டு உறுதி செய்தார். சரியாகப் பதில் சொன்ன ஒரு மனிதரை வருடாவருடம் விவரமில்லாதவராகக் காட்டியிருக்கிறேன். அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறாளோ தெரியாது.

தென்னாடன்:
வாத்தியார் ஐயா, அகராதி என்ன சொன்னாலும் தலையாட்ட வேண்டுமா? அனகோண்டா வந்தபோது நான் 'ஆனைக்கொன்றான்' என்றேன். நடுவர் சிங்களச் சொல் என்று சொல்லிப் புள்ளியை வெட்டிவிட்டார். காதில் விழும்போதே தமிழாக இல்லையா? யானையைக் கொல்லும் அளவுக்குப் பெரிய பாம்பு என்று பொருளும் பொருந்துகிறதே. அந்த ஒரு புள்ளியில் தோற்றேன், இன்றுவரை மனம் ஆறவில்லை.

சொல்தேடி:
தென்னாடன், காதில் விழுவதை மட்டும் நம்பினால் யாரும் எதையும் தமிழாக்கிவிடலாம். 1693இல் ஜான் ரே என்ற ஆங்கிலேய இயற்கை ஆய்வாளர் தன் நூலில் இந்தப் பெயரை எழுதும்போது அது இலங்கைப் பாம்பு, எருமையை நொறுக்கும் என்றுதான் குறித்தார், யானை அங்கே இல்லை. நீங்கள் சொன்ன விளக்கம் ஹென்றி யூல் என்ற ஆங்கிலேய அகராதிக்காரர் பின்னால் வைத்த ஊகம், 'ஹெனகந்தயா' என்ற சிங்களப் பெயர் இன்னொரு ஊகம். புள்ளியை வெட்டியதும் தவறு, உங்களுக்குப் பாதியாவது கொடுத்திருக்க வேண்டும். இனி விளையாடுகிறவர்கள் பெயரை ஒலிக்காக உடைக்காதீர்கள், முதலில் அந்த விலங்கு எந்த வழியாக வந்தது என்று கேளுங்கள். கேனரிப் பறவைக்குப் பெயர் கேனரித் தீவுகளிலிருந்து வந்தது, அந்தத் தீவுகளின் பெயரோ லத்தீனில் நாயைக் குறிக்கும் சொல்லிலிருந்து. வான்கோழியை ஆங்கிலத்தில் டர்க்கி என்கிறார்கள், துருக்கியர்களோ அதை 'ஹிந்தி' என்கிறார்கள், பறவை அமெரிக்காவைச் சேர்ந்தது. பெருச்சாளியை ஆங்கிலத்தில் பாண்டிகூட் என்பது தெலுங்கு 'பந்திகொக்கு', அதாவது பன்றி எலி. இதைச் சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை, என் அனுபவம் அவ்வளவுதான். அப்புறம் நடுவர் கையில் கட்டாயம் அகராதி இருக்கட்டும், குழந்தைகள் எழுதிக்கொள்வதற்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

முல்லை:
அகராதி கையில் இருந்ததுதான் எனக்குப் பிரச்சினை. அப்பாவுக்கு எழுபது வயது தாண்டிவிட்டது, சீட்டுக் குலுக்கியதில் அவருக்கு முயல் வந்தது. "எப்போதும் தப்பிக்க முயன்றுகொண்டே இருக்கிறது, அதனால் முயல்" என்றார், முகமெல்லாம் மலர்ச்சி. நான் உடனே போனை எடுத்து, "இல்லப்பா, ரெண்டும் ஒரே மாதிரி ஒலிக்குது, அவ்வளவுதான், ஆதாரம் இல்லை" என்றேன். "அப்படியா" என்று சொல்லிச் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டபோது, "நீங்க ஆடுங்கம்மா, நான் பார்க்கிறேன்" என்றார்.