பன்னிரண்டு கையெழுத்து, ஐம்பது நாற்காலி: கிளை தொடங்கியவர்களின் அனுபவங்கள்

மின் பொறியாளர், முன்னாள் செயலாளர்

கிளை தொடங்க எங்கள் பொறியாளர் சங்கம் கேட்டது பன்னிரண்டு உறுப்பினர்களின் கையெழுத்து. ஒரு வாரத்தில் முடியும் என்று நினைத்தேன், நான்கு மாதம் ஆயிற்று. இத்தனைக்கும் ஒருவர்கூட மறுக்கவில்லை. "அதற்கென்ன, போட்டால் போயிற்று" என்று எல்லோரும் பேனாவை வாங்கிக்கொண்டார்கள். பதினான்கு கையெழுத்தோடு அனுப்பிய விண்ணப்பம் தலைமையகத்திலிருந்து அப்படியே திரும்பி வந்தது. ஐந்து பேர் சந்தா கட்டாததால் உறுப்பினர் தகுதி காலாவதியாகியிருந்தது. ஒருவர் எழுதிய உறுப்பினர் எண்ணில் இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தன. இன்னொருவர் உறுப்பினராக இருந்தது வேறொரு சங்கத்தில். அது அவருக்கே அன்றுதான் தெரிந்தது. தேறியவர்கள் ஏழு பேர். கையெழுத்து வாங்கும் முன் எண்ணைச் சரிபார்த்திருந்தால் மூன்று மாதம் மிச்சமாகியிருக்கும்.

தொடக்க விழாவுக்கு எண்பது பேர் வந்தார்கள். மேடையில் ஏழு பேர், வாழ்த்துரையும் ஏழு. அடுத்த மாதக் கூட்டத்துக்கு வந்தவர்கள் என்னையும் சேர்த்து நான்கு பேர். போட்டிருந்த நாற்காலிகள் ஐம்பது.

பேச வந்தவர் பராமரிப்புத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர். காலி நாற்காலிகளை ஒரு சுற்றுப் பார்த்தார். புரொஜெக்டரை அணைக்கச் சொல்லிவிட்டு, பையிலிருந்து துணியில் சுற்றிய ஒரு பேரிங்கை, அதாவது மோட்டாரின் சுழலும் தண்டைத் தாங்கும் வளையத்தை, எடுத்து மேசைமேல் வைத்தார். வெளி வளையத்தை இரண்டாக அறுத்திருந்தார். உட்பரப்பில், சீப்பை அழுத்தி இழுத்ததுபோல் சீரான இடைவெளியில் வரிகள். "இது எதனால்?" என்றார். நான் கிரீஸ் குறைவு என்றேன். பக்கத்தில் இருந்தவர் சுமை அதிகம் என்றார். அரை மணி நேரம் எங்களைத் திணறவிட்ட பிறகுதான் விடையைச் சொன்னார். மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்த இன்வெர்ட்டர் டிரைவ் பொருத்தியிருக்கிறார்கள். அதனால் தண்டில் ஏறும் மின்னழுத்தம் கிரீஸ் படலத்தைத் துளைத்துக்கொண்டு பேரிங் வழியாக இறங்குகிறது. ஒவ்வொரு தீப்பொறிக்கும் ஒரு நுண்குழி. குழிகள் சேர்ந்து வரியாகிவிடுகின்றன. பேரிங்கை மாற்றிக்கொண்டே இருந்தால் தீராது. தண்டிலிருந்து எர்த்துக்கு ஒரு தொடு தூரிகை வைக்க வேண்டும், அல்லது மின்காப்புள்ள பேரிங் போட வேண்டும்.

வந்திருந்த நால்வரில் ஒருவர் அந்த ஆண்டு ஒரே மோட்டாருக்கு மூன்று பேரிங் மாற்றியவர். வளையத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த மாதம் தன்னோடு ஆறு பேரை அழைத்து வந்தார். என்னைக் கேட்டால், எங்கள் கிளை தொடங்கியது அந்த நால்வர் கூட்டத்தில்தான். பேச வருபவர் பழுதான பொருள் ஒன்றைக் கையோடு கொண்டுவர வேண்டும் என்பது அன்று முதல் எங்கள் வழக்கம்.

கட்டமைப்புப் பொறியாளர், பொருளாளராக இருந்தவர்

பேரிங் கதையைப் பொறாமையோடு படித்தேன். எங்கள் கிளைக்குச் சோதனை பணத்தால் வந்தது. தலைமையகம் உதவித்தொகை அனுப்பத் தயாராக இருந்தது, எங்களுக்கோ வங்கிக் கணக்கு இல்லை. பதிவுச் சான்றிதழைக் கேட்டது வங்கி. கிளை தனிப் பதிவு பெற்ற அமைப்பு அல்ல. தாய்ச் சங்கத்தின் சான்றிதழ், அது தரும் அதிகாரக் கடிதம், செயற்குழுத் தீர்மானம் மூன்றும் வேண்டும் என்று தெரிந்துகொள்ளவே வெகுநாள் ஆயிற்று. அதற்குள் அவசரப்பட்டு, தற்காலிகமாக என்று சொல்லி, பணத்தை என் சொந்தக் கணக்கில் வாங்கிவிட்டேன்.

ஆண்டுத் தணிக்கையில் அரங்க வாடகைக்குக் கீழே என் வீட்டு மின்கட்டணம் இருந்தது. ஒரு காசு குறையவில்லை. ஆனாலும் எட்டு மாதம் திருடனைப்போலப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். விண்ணப்பத்தோடு சேர்த்தே அதிகாரக் கடிதத்தையும் கேட்டு வாங்கிவிடுங்கள். காசோலையில் இரண்டு பேர் கையெழுத்து இருக்கட்டும்.

இயந்திரப் பொறியாளர், நிகழ்ச்சிப் பொறுப்பாளர்

"போட்டால் போயிற்று" என்று கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருத்தி, வேறொரு கிளையில். ஏன் பிறகு வரவில்லை என்று யாரும் கேட்கவில்லை, அதனால் இங்கே சொல்கிறேன். முதல் மூன்று கூட்டங்களிலும் பேசியவர்கள் விற்பனையாளர்கள். அவர்கள் பேசியதெல்லாம் கையேட்டிலேயே இருந்தது. வரவேற்புரைக்கு ஆள் தேவைப்படும்போது மட்டும் என் பெயர் ஞாபகத்துக்கு வரும்.

நிகழ்ச்சிப் பொறுப்பை முழுதாகக் கொடுத்தால் வருகிறேன் என்றேன். கொடுத்தார்கள். விற்பனையாளர் பேசலாம், ஆனால் தம் பொருளை எங்கே பயன்படுத்தக் கூடாது என்று முதலில் சொல்ல வேண்டும் என்று நிபந்தனை போட்டேன். இரண்டு பேர் நழுவிவிட்டார்கள். மூன்றாமவர் ஒரு மணி நேரம் கேட் வால்வைப் பற்றி, அதாவது கதவுபோன்ற தட்டை ஏற்றி இறக்கிக் குழாயைத் திறந்து மூடும் வால்வைப் பற்றி, பேசினார். முழுதாகத் திறக்கவும் முழுதாக மூடவும் மட்டுமே ஆன வால்வைப் பாதி திறந்து ஓட்டத்தைக் குறைக்கப் பயன்படுத்தினால் கதவு எப்படி அதிரும், அது பொருந்தி அமரும் இருக்கை எப்படி அரித்துப்போகும் என்று படத்தோடு காட்டினார். அவரிடம்தான் பிறகு நிறைய ஆர்டர் போனது என்று கேள்வி.

சிவில் பொறியாளர், பணி ஓய்வு பெற்றவர்

தொடக்க விழாவை இவ்வளவு கரித்துக்கொட்ட வேண்டாம். 1818-இல் லண்டன் காபிக் கடை ஒன்றில் சில இளைஞர்கள் தொடங்கிய சிவில் பொறியாளர்கள் கழகம், ஆள் சேராமல் தள்ளாடியது. 1820-இல், சாலையும் பாலமும் கட்டிப் புகழ்பெற்ற தாமஸ் டெல்ஃபோர்டைத் தலைவராக்கிய பிறகே நிமிர்ந்தது. 1828-இல் அரச சாசனமும் பெற்றது. பெரிய பெயர் ஒன்று வேண்டித்தான் இருக்கிறது. நியூயார்க்கில் 1852-இல் அமெரிக்க சிவில் பொறியாளர்கள் சங்கத்தைத் தொடங்கியவர்களும் பன்னிரண்டு பேர்தான். 1855 முதல் 1867 வரை அந்தச் சங்கம் முடங்கிக் கிடந்தது.

எங்கள் கிளை முடங்கியது மூன்று ஆண்டு. செயலாளர் வேலை மாறிப் போனார். உறுப்பினர் பட்டியல் அவருடைய அலுவலகக் கணினியில், கடிதப் போக்குவரத்து முழுவதும் அலுவலக மின்னஞ்சலில். இரண்டும் ஒரே நாளில் போயின. பிறகு ஒரு பழைய அலமாரியில் வருகைப் பதிவேடு கிடைத்தது, தொலைபேசி எண்களோடு. முப்பத்தொரு பேரை நானே அழைத்தேன். அவர்களில் ஒன்பது பேர், கிளை நடந்துகொண்டுதான் இருக்கிறது, தங்களை மட்டும் கூப்பிடுவதில்லை என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார்களாம்.