அடுக்குத் தும்மலுக்கு மதிப்பெண் போட முடியுமா?

வேப்பங்காற்று:
பதினைந்து வருடமாக எனக்கு டஸ்ட் அலர்ஜி. போன வாரம் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனேன். ரத்தத்தில் ஐஜிஇ (ஒவ்வாமையில் கூடும் ஒரு புரதம்) பார்ப்பார் என்று நினைத்தால், 28 கேள்விகள் உள்ள தாளை நீட்டினார். கடந்த ஏழு நாளில் தூக்கம் கெட்டதா, கைக்குட்டையோடு திரிவது தொந்தரவா, எரிச்சல் வந்ததா என்றெல்லாம் கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 (தொல்லையே இல்லை) முதல் 6 (மிக அதிகம்) வரை எண் போட வேண்டும். அன்றைய மனநிலைக்கு ஏற்ப மாறும் எண்ணை நம்பி மருந்து எழுதலாமா? நோய் மூக்கில் இருக்கிறது, மூக்கைத்தானே அளக்க வேண்டும்?

நிலாமுற்றம்:
அந்தத் தாள், கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தில் எலிசபெத் ஜூனிபரும் கார்டன் கையட்டும் உருவாக்கி 1991இல் வெளியிட்டது. எது தங்களை அதிகம் வாட்டுகிறது என்று நோயாளிகளிடமே கேட்டுத் தேர்ந்தெடுத்த கேள்விகள் அவை. ஐஜிஇ உடம்பின் ஒவ்வாமைத் தன்மையைக் காட்டும், அவ்வளவுதான். ராத்திரி மூன்று மணிக்குத் தொண்டை வறண்டு எழுந்து உட்காருவதை அது சொல்லாது. என் அண்ணனுக்கு என்னைவிட ஐஜிஇ அதிகம். அவர் நாலு தும்மல் போட்டுவிட்டுக் கடை திறக்கப் போய்விடுவார். எனக்கோ அடுக்குத் தும்மல் வந்தால் மதியம் வரை தலை தூக்க முடியாது.

வேப்பங்காற்று:
சரி, ஐஜிஇ வேண்டாம். மூக்கு வழியாக இழுக்கும் காற்றின் வேகத்தை அளக்கக் கருவி இருக்கிறதே?

நிலாமுற்றம்:
இருக்கிறது. ஆனால் கருவி காட்டும் எண்ணும் நோயாளி உணரும் அடைப்பும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. கருவி சரியாக இருக்கிறது என்று காட்டிவிட்டால் மூச்சு முட்டுபவர் பொய் சொல்கிறாரா?

சுண்ணக்கட்டி:
நான் பள்ளி ஆசிரியை. பிரிட்டனில் பத்தாம் வகுப்புக்கு இணையான பொதுத்தேர்வு கோடையில், புல் மகரந்தம் பறக்கும் காலத்தில் நடக்கிறது. அங்கே 2007இல் வெளியான ஓர் ஆய்வில், குளிர்கால மாதிரித் தேர்வைவிடக் கோடைத் தேர்வில் தரம் இறங்கிய பிள்ளைகளுக்கு மூக்கு ஒவ்வாமைத் தொல்லை கூடுதலாக இருந்தது தெரிந்தது. தூக்கம் வரவைக்கும் அலர்ஜி மாத்திரை சாப்பிட்டவர்களும் அவர்களில் கூடுதல். தும்மலை மட்டும் எண்ணினால் அந்த மாத்திரை வெற்றி. பிள்ளை பரீட்சைத் தாள்மீது சாய்ந்து கிடப்பது எந்தக் கணக்கில் வரும்? அந்த 28 கேள்விகளில் சோர்வும் கவனக்குறைவும் இருக்கின்றன.

வேப்பங்காற்று:
டீச்சர், அந்த உதாரணம் வலுவானது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கேள்வித்தாளே மகரந்தக் காலத்தில் மட்டும் அவதிப்படுபவர்களை வைத்துத் தொடங்கியது. அவர்களுக்கு நல்ல மாதம் எப்படி இருக்கும் என்று தெரியும். தூசிப்பூச்சி ஒவ்வாமைக்காரனுக்கு வருடம் முழுக்க ஒரே நிலைதான். நான் தூக்கத்துக்கு 1 போட்டேன். பக்கத்தில் இருந்த மனைவி வாங்கிப் பார்த்துவிட்டு 5 என்று திருத்தச் சொன்னார், நான் விடியும்வரை புரள்கிறேனாம். இதில் எது என் எண்?

நிலாமுற்றம்:
உங்களுடையதுதான் சார், உங்கள் மனைவி சொன்னதை மருத்துவரிடம் தனியாகச் சொல்லுங்கள். நீங்கள் சொன்ன குறை உண்மையானது, பழகிப்போனவர்கள் குறைத்தே போடுவார்கள். அதனால்தான் முதல் தாளை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது என்கிறேன். மருத்துவர் சொன்னபடி ஸ்ப்ரே அடித்துவிட்டுச் சில வாரம் கழித்து மறுபடி நிரப்புங்கள். சராசரி 0.5 இறங்கினாலே நோயாளிக்கு வித்தியாசம் தெரியும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். சராசரியோடு நிற்காமல், தூக்கம், மூக்கு, கண் என்று அந்தத் தாளில் உள்ள ஏழு பகுதிகளையும் தனித்தனியாகப் பாருங்கள். எனக்கு மூக்கு சரியாகியும் கண் அரிப்பு மட்டும் அப்படியே நின்றது தாளில்தான் தெரிந்தது, அப்புறம் சொட்டு மருந்து சேர்த்தார்கள்.

வேப்பங்காற்று:
கூட்டம் நிரம்பிய அரசு மருத்துவமனையில் 28 கேள்விக்கு யாருக்கு நேரம்? பத்து சென்டிமீட்டர் கோட்டில் தொல்லை எவ்வளவு என்று ஒரு புள்ளி வைக்கச் சொன்னால் போதாதா?

சுண்ணக்கட்டி:
அங்கே அது போதும். அந்தக் கோடும் உங்களைக் கேட்டுத்தானே அளக்கிறது, மூக்கை இல்லையே.

வேப்பங்காற்று:
அது சரி. அடுத்த மாதம் மறுபடி வரச் சொல்லியிருக்கிறார். தாளை இந்த முறை வீட்டிலேயே நிதானமாக நிரப்பிக் கொண்டுபோகிறேன்.