டீலாமினேஷனுக்கு ‘அடுக்கு நீக்கம்’ பொருந்துமா?

அன்புள்ள ஐயா, வணக்கம். ஃபைபர் படகின் உடலில் பிசினால் ஒட்டிய இழையடுக்குகள் பிரிவதை ஆங்கிலத்தில் டீலாமினேஷன் என்பார்கள்; மேற்பரப்பில் நீர் கோத்துப் புடைப்பது பிளிஸ்டர். இவற்றுக்குத் தாங்கள் முன்வைத்த சொற்கள்:

> பிளிஸ்டர்: சவ்வூடுபரவல் கொப்புளம். டீலாமினேஷன்: அடுக்கு நீக்கம். பழைய ஃபைபர் பாய்மரப் படகுகள் பற்றிய கையேட்டில் இவற்றை ஆளலாம்.

முதலாவதற்குக் ‘கொப்புளம்’ மட்டுமே போதும். தமிழ்நாட்டுப் பாடநூல் சவ்வூடுபரவல் (ஆஸ்மாசிஸ்) என்பதை இலங்கைப் பாடநூல் பிரசாரணம் என்கிறது. அந்தச் சொற்சிக்கலைப் படகுத்துறைக்குள் இழுக்க வேண்டாம்.

‘அடுக்கு நீக்க’த்தைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. உப்பு நீக்கம், நச்சு நீக்கம் எல்லாம் நாம் செய்கிற வேலைகள். படகில் அடுக்குகள் தாமாகவே பிடிப்பு விட்டுப் பிரிகின்றன. கொப்புளம் மிகுந்த படகில் ஜெல்கோட் மேற்பூச்சை உண்மையிலேயே உரித்து, உடலை மாதக்கணக்கில் உலர்த்தி, எப்பாக்சிப் பிசின் பூசுவார்கள். கையேட்டில் ‘அடுக்கு நீக்கம்’ என்று கண்டவர் இந்த வேலையைத்தான் நினைப்பார். நோயின் பெயரைச் சிகிச்சையின் பெயராகப் படித்துவிடுவார்.

பழுதுபார்ப்பதா, வேறு படகு வாங்குவதா என்ற முடிவே இந்த இரண்டையும் பிரித்தறிவதில் இருக்கிறது. கொப்புளம் பெரும்பாலும் தோல் நோய். பாலியெஸ்டர் பிசினுக்குள் மெல்ல ஊறும் நீர், அங்குள்ள கரையும் பொருள்களைக் கரைத்து, மேலும் நீரை இழுக்கிறது. குத்தினால் காடி போலப் புளித்த நாற்றத்துடன் நீர் வடியும். அடுக்கு பிரிவதோ எலும்பைத் தொடுவது. ஒரு தகட்டின் விறைப்பு அதன் தடிமனின் கனத்துக்கு (தடிமன் × தடிமன் × தடிமன்) ஏற்ப மாறும்; தடிமன் பாதியானால் விறைப்பு எட்டில் ஒன்று. ஆகவே சுவர் நடுவில் இரண்டாகப் பிரிந்தால், மொத்தத் தடிமன் குறையாமலே இரு பாதிகளின் விறைப்பும் சேர்ந்து நான்கில் ஒன்றாகிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பானையைத் தட்டி வாங்குவதுபோலச் சிறு சுத்தியலால் தட்டிக்கொண்டே போக வேண்டும்: நல்ல இடம் கணீரென்னும், பிரிந்த இடம் மொத்தென்னும்.

அதனால் ‘ஏடுபிரிதல்’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். பாலேடு நாம் அறிந்த சொல்; ‘ஏடு ஏடாகப் பிரிந்து வருகிறது’ என்பதும் நம் பேச்சில் உள்ளதே. ஏடு என்றால் ஓலைச்சுவடி நினைவு வரும் என்று தாங்கள் தயங்கலாம். சுவடியின் ஓலைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக இருப்பவைதானே! ‘ஏடுபிரிந்த பகுதி’, ‘ஏடுபிரியாத உடல்’ என்றெல்லாம் எழுதவும் வளைந்து கொடுக்கிறது.

கையேட்டு வாக்கியத்தில் வைத்துப் பார்த்தேன்: “ஏடுபிரிந்த பகுதி சிறிதானால் அதை வெட்டியெடுத்து, விளிம்பைத் தடிமனைப்போல் 12 மடங்கு நீளத்துக்குச் சரிவாகத் தேய்த்து, புதிய இழையை ஒட்டுக. ஏராவை (படகின் அடிமுதுகை) சுற்றிலும், பாய்மரக் கம்பிகள் பிணைந்த இடங்களிலும் பரவலாக ஏடுபிரிந்திருந்தால், செலவைக் கணக்கிடாமல் வேலையைத் தொடங்க வேண்டாம்.” இடறாமல் படிக்க முடிகிறது.

1959இல் அமெரிக்காவில் வெளிவந்த பியர்சன் டிரைட்டன் வகை 28 அடிப் படகுகளில் சில இன்னும் கடலோடுகின்றன. அத்தகைய உடலைக் கொப்புளத்துக்கு அஞ்சிக் கைவிடுவது பெரிய இழப்பு. சொல் குழப்பம் அதற்குக் காரணமாகிவிடக் கூடாது.

நாகப்பட்டினம், தூத்துக்குடிப் பக்கம் ஃபைபர் படகு ஒட்டுபவர்களை அறிந்த நண்பர்கள் அவர்களிடம் கேட்டு எழுதுங்கள். அவர்கள் வாயில் இதற்கொரு சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம்; என் சொல்லை மகிழ்ச்சியோடு திரும்பப் பெறுகிறேன்.