மிளகுக் கோரிக் குஞ்சுகள்: கோத்தகிரிக் குளிரில் ஹீட்டர் வேண்டுமா, வேண்டாமா?

மழைத்தொட்டி (கோத்தகிரி) – நவம்பர் 3, இரவு 9.10

வணக்கம். என்னிடம் இருப்பது இரண்டடித் தொட்டி, 55 லிட்டர் பிடிக்கும். ஸ்பாஞ்ச் ஃபில்டர் மட்டும்தான், ஹீட்டர் இல்லை. உள்ளே ஆறு கெளுத்திகள், கடைக்காரர் பெப்பர் கோரி என்று சொல்லிக் கொடுத்தவை. தொட்டித் தண்ணீர் 17, 18 டிகிரியில் நிற்கிறது.

போன மாதம் நல்ல மழை பிடித்த அன்று மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு வாசலில் பிடித்த மழைத்தண்ணீரை ஊற்றினேன். மறுநாள் காலையில் முன்கண்ணாடி முழுக்க முட்டை. ஜவ்வரிசியைவிடச் சின்னது, விரல் நுனியால் உருட்டினால் ஒட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. எண்ணினேன், 63. ஐஸ்கிரீம் டப்பாவில் மூன்று லிட்டர் தண்ணீர், இரண்டு சொட்டு மெத்திலீன் ப்ளூ, ஒரு ஏர் ஸ்டோன் போட்டு ஜன்னல் திண்டில் வைத்தேன். ஆறாம் நாள் 38 பொரித்தன. அப்புறம் அவித்த முட்டையின் மஞ்சள் கருவைத் துணியில் பிழிந்து கொடுத்தேன். பத்து நாளுக்குள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் டப்பாவின் அடியில் வெள்ளை நூல் துண்டுகள் போலக் கிடக்கும். குளிர்தான் காரணமா?

குன்னூர்க்காரன் – நவம்பர் 3, இரவு 9.48

குளிர்தான், வேறென்ன? ஜன்னல் ஓரத்து டப்பாவில், நவம்பர் ராத்திரியில், மூன்று நாள் வயதுக் குஞ்சு எப்படித் தாங்கும்? பெரிய மீன் 17 டிகிரியைத் தாங்கும், குஞ்சு தாங்காது. தின்னாது, தின்றாலும் செரிக்காது. பத்து லிட்டர் தொட்டி ஒன்று தனியாக வாங்குங்கள், 25 வாட் ஹீட்டர் போட்டு 24இல் நிறுத்துங்கள். நான் வெண்கலக் கோரியை அப்படித்தான் ஒன்பது வருஷமாக வளர்க்கிறேன். நாலாம் நாள் பொரிக்கும், ஆறு வாரத்தில் ஓர் அங்குலத்தைத் தொட்டுவிடும்.

ஹட்டிவாசி – நவம்பர் 4, காலை 6.20

குன்னூர்த் தம்பி சொல்வது வெண்கலக் கோரிக் கணக்கு. அது வெப்பநாட்டு மீன். இந்தம்மா வைத்திருப்பது மிளகுக் கோரி. தெற்கு பிரேசில், உருகுவே, அர்ஜென்டினா பக்கத்து ஓடைகளில் இருப்பது, அங்கே குளிர்காலம் உண்டு. பீகிள் கப்பலில் போன டார்வின் பிடித்துவந்ததற்கு 1842இல் ஜெனின்ஸ் பெயர் வைத்தார். 1878இல் பாரிஸில் கார்பொனியே என்பவர் தொட்டியிலேயே குஞ்சு எடுத்திருக்கிறார். அன்றைக்கு எந்தக் கடையில் தெர்மோஸ்டாட் ஹீட்டர் விற்றார்கள்? (2024இல் பேரினத்தைப் பிரித்து ஹோப்லிசோமா என்று மாற்றிவிட்டார்கள். கடையில் இன்னும் கோரிதான்.)

நான் பதினெட்டு வருஷமாக ஹீட்டர் இல்லாமல்தான் வைத்திருக்கிறேன். முட்டையைத் தொடுவதே கிடையாது. தொட்டியின் பாதிக்கு ஜாவா மாஸ். தின்னப்பட்டது போக மிஞ்சுவது மிஞ்சும். வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு குஞ்சு தானாகவே பாசிக்குள்ளிருந்து வெளியே வரும். குளிர்ந்த தண்ணீரில் ஆக்சிஜனும் கூடுதல். மலைக்கு மேலே மீன் வளர்ப்பவனுக்கு இயற்கை கொடுத்த வசதி அது.

குன்னூர்க்காரன் – நவம்பர் 4, காலை 8.05

ஐயா, வருஷத்துக்குப் பத்து என்றால் அது வளர்ப்பு இல்லை, லாட்டரி. 63 முட்டை இட்ட மீனிடமிருந்து பத்து எடுப்பதற்கு எதற்கு இவ்வளவு வரலாறு?

ஆக்சிஜன் கணக்கும் பாதிதான் சரி. குளிர்ந்த தண்ணீர் கூடுதலாகக் கரைக்கும், ஆனால் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே அழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் முக்கால் பங்குக்குச் சற்று மேலே. ஊட்டியில் 18 டிகிரித் தண்ணீர் பிடித்துவைப்பது லிட்டருக்கு ஏழு மில்லிகிராம் சொச்சம். சென்னையில் 30 டிகிரித் தண்ணீரும் ஏழரைதான். வசதியும் இல்லை, குறையும் இல்லை.

ஹட்டிவாசி – நவம்பர் 4, காலை 8.40

சரி, ஆக்சிஜனை விட்டுவிடுகிறேன். ஒப்புக்கொள்கிறேன், அதை நான் கணக்குப் போட்டுப் பார்த்ததில்லை. கரண்ட்டைப் பற்றிச் சொல்லுங்கள். காற்று அடித்தால் சில்வர் ஓக் சாய்ந்து ஒயர் மேல் விழும். எங்கள் ஹட்டியில் (படுகர் ஊர்) போன வருஷம் பத்தொன்பது மணி நேரம் இல்லை. 24இல் சொகுசாக இருந்த குஞ்சு ஒரே ராத்திரியில் 14க்கு வந்தால் என்ன ஆகும்? 17இல் பிறந்தது 15க்கு இறங்கினால் ஒன்றும் ஆகாது.

கொடைப்பாசி (கொடைக்கானல்) – நவம்பர் 4, மதியம் 1.15

இரண்டு பேரும் டிகிரியிலேயே நிற்கிறீர்கள். அந்த மஞ்சள் கருவை யாருமே கவனிக்கவில்லையா? மூன்று லிட்டர் தண்ணீரில், ஃபில்டர் இல்லாமல், முட்டைக்கருவைப் பிழிந்தால் அடுத்த நாளே அடியில் வழவழவென்று ஒரு படலம் படியும். கோரிக் குஞ்சு நடுத்தண்ணீரில் நீந்தாது, வயிற்றை அடித்தரையில் ஒட்டிக்கொண்டே கிடக்கும். அந்தப் படலத்தின் மேலேதான் அது படுத்திருக்கிறது. மெத்திலீன் ப்ளூ வேறு. பூஞ்சையைத் தடுக்கும், சரி, கூடவே அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியாவையும் கெடுத்துவிடும். பொரித்த அன்றே தண்ணீரை மாற்றினீர்களா அக்கா?

கொடையில் நான் கொடுப்பது மைக்ரோவார்ம் என்ற நுண்புழு. ஓட்ஸைக் கஞ்சியாக்கி, ஆறியதும் ஒரு ஸ்பூன் பழைய கல்ச்சரும் ஒரு சிட்டிகை ஈஸ்ட்டும் போட்டு மூடிவைத்தால் ஒரு வாரத்தில் டப்பாவின் பக்கச்சுவரில் பளபளவென்று ஏறி நிற்கும். விரலால் வழித்துத் தண்ணீரில் அலசினால் போதும். அடியில் போய் விழும், பல மணி நேரம் உயிரோடு நெளியும். குஞ்சின் வாய் இருக்கும் இடத்துக்கே சாப்பாடு போகிறது.

ஆர்ட்டீமியா, அதாவது உப்புத்தண்ணீர் இறால் குஞ்சு, அதைவிடச் சத்து, மறுக்கவில்லை. ஆனால் அதன் முட்டை 26, 28 டிகிரியில்தான் ஒரு நாளில் பொரிக்கும். எங்கள் வீட்டுச் சமையலறை மேடையில் மூன்றாம் நாள்கூடப் பாதிதான் பொரித்தது. இப்போது உப்புத்தண்ணீர் பாட்டிலை இன்வெர்ட்டருக்குப் பின்னால் சொருகிவைக்கிறேன். என்னைக் கேட்டால், மலையில் ஹீட்டர் தேவைப்படுவது மீனுக்கு இல்லை, மீனின் சாப்பாட்டுக்கு.

மேட்டுப்பாளையம்_கெளுத்தி – நவம்பர் 4, மாலை 5.30

குறுக்கே ஒரு கேள்வி. 63இல் 38தானே பொரித்தது? மீதி 25 எங்கே போச்சு? ஆண் எத்தனை, பெண் எத்தனை?

மழைத்தொட்டி – நவம்பர் 4, இரவு 8.55

மேலேயிருந்து பார்த்தால் நாலு குண்டு, இரண்டு ஒல்லி. அப்படியானால் நாலு பெண், இரண்டு ஆண் என்று நினைக்கிறேன். மீதி முட்டைகள் இரண்டாம் நாளே சுண்ணாம்புபோல வெளுத்துப் பஞ்சு பிடித்தன. எடுத்துப் போட மனம் வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

கொடைப்பாசி, தண்ணீரை மாற்றினேன். நாலாம் நாளிலிருந்து தினமும் பாதி. ஆனால் மொட்டைமாடிக் கருப்பு டேங்க்கிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர்.

மேட்டுப்பாளையம்_கெளுத்தி – நவம்பர் 4, இரவு 9.20

ஆண்கள் குறைவு, அதுதான். ஒரு பெண்ணுக்கு இரண்டு ஆண் இருக்க வேண்டும். இந்த மீனின் கூடலே விசித்திரம். பெண் தன் வாயை ஆணின் வயிற்றில் வைத்து, ஆங்கில டி எழுத்துப்போல ஒட்டி நிற்கும். வெண்கலக் கோரியில் பெண் விந்தை விழுங்குகிறது, அது குடல்வழியாக வந்து அடித்துடுப்புக் கிண்ணத்தில் பிடித்துவைத்த முட்டைகளைச் சேர்கிறது என்று 1995இல் ஜப்பானியர் எழுதியிருக்கிறார்கள். வெளுத்த முட்டையை உடனே எடுத்துவிடுங்கள், பக்கத்து முட்டைக்கும் பஞ்சு பரவும்.

ஹட்டிவாசி – நவம்பர் 4, இரவு 10.15

கருப்பு டேங்க்! அம்மா, ஒரு காரியம் செய்யுங்கள். காலி டப்பாவில் அதே மூன்று லிட்டரை ஊற்றி அதே ஜன்னல் திண்டில் வையுங்கள். காலை ஆறு மணிக்கும் மதியம் இரண்டு மணிக்கும் தெர்மாமீட்டரைப் பார்த்துச் சொல்லுங்கள். மேற்கொண்டு சண்டை போடுவதா வேண்டாமா என்று அப்புறம் முடிவு செய்யலாம்.

மழைத்தொட்டி – நவம்பர் 7, இரவு 9.00

மூன்று நாள் எழுதிவைத்தேன். காலை 13, 13, 12. மதியம் 22, 23, இன்று மூடுபனி என்பதால் 18. டேங்க் தண்ணீர் வெயில் நாளில் 26. அதைத்தான் குஞ்சுகள் மேல் ஊற்றியிருக்கிறேன். அதே மூன்று நாளும் பெரிய தொட்டி 17க்கும் 18க்கும் நடுவிலேயே இருந்தது.

ஹட்டிவாசி – நவம்பர் 7, இரவு 9.25

கொன்றது குளிர் இல்லை, ஊஞ்சல். தினமும் பத்து டிகிரி மேலே, பத்து டிகிரி கீழே.

குன்னூர்க்காரன் – நவம்பர் 7, இரவு 9.31

ஊஞ்சலை நிறுத்துவதற்குப் பெயர்தான் ஹீட்டர் ஐயா.

ஹட்டிவாசி – நவம்பர் 7, இரவு 9.36

55 லிட்டர் தண்ணீரும் அதையேதான் செய்கிறது, கரண்ட் பில் இல்லாமல்.

கொடைப்பாசி – நவம்பர் 7, இரவு 10.02

அப்படியானால் டப்பாவைத் தூக்கிப் பெரிய தொட்டிக்குள்ளேயே தொங்கவிடுங்கள். ஏர் பம்ப்பால் தண்ணீர் உள்ளே ஏறி மறுபக்கம் வழியும் பிரீடிங் பாக்ஸ் கிடைக்கும். இல்லையென்றால் டப்பாவின் இரண்டு பக்கமும் ஓட்டை போட்டு நைலான் வலையை ஒட்டலாம். குஞ்சுக்குப் பெரிய தொட்டியின் வெப்பம், பெரிய தொட்டியின் ஃபில்டர். முட்டையைத் தின்ன அம்மாவும் இல்லை. அடியில் ஒரு சிட்டிகை மெல்லிய மணல், இரண்டு ராம்ஸ்ஹார்ன் நத்தை. மிச்சச் சாப்பாட்டை அவை பார்த்துக்கொள்ளும்.

குன்னூர்க்காரன் – நவம்பர் 8, காலை 7.50

அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் 17இல் வளர்ச்சி ஆமை வேகம் என்பதை எழுதிவைத்துக்கொள்ளுங்கள். குஞ்சு சின்னதாகவே இருக்கும் நாட்கள் கூடினால், சாவதற்கான நாட்களும் கூடும்.

மழைத்தொட்டி – டிசம்பர் 19, இரவு 8.30

மறுபடியும் வந்துவிட்டேன். நவம்பர் 16 மழையில் இரண்டாம் முறை முட்டை, இந்தத் தடவை 41. கோவையிலிருந்து வாங்கிவந்த புது ஆண்கள் இரண்டும் வேலை செய்திருக்கின்றன. பிளாஸ்டிக் தடைச் செக்போஸ்டில் மீன் கவரைத் தூக்கிக் காட்டி, இது குடிதண்ணீர் பாட்டில் இல்லை சார் என்று விளக்கம் சொல்லி ஏற்றிவந்தவை. வெளுத்த ஐந்தை அன்றன்றே ஊசியால் எடுத்துவிட்டேன். ஏழாம் நாள் 33 பொரித்தன. தொங்கும் டப்பா, மணல், நத்தை, கொடைப்பாசி கூரியரில் அனுப்பிய மைக்ரோவார்ம். மஞ்சள் கரு கிடையாது. இன்று நாலு வாரம். 21 இருக்கின்றன.

நேற்று டார்ச் அடித்துப் பார்த்தேன். சுண்டுவிரல் நகத்தின் பாதி நீளம்கூட இல்லை, அதற்குள் மீசை வந்துவிட்டது. மணலில் மூக்கை நுழைத்து ஒரு பருக்கையை வாயில் வாங்கி, செவுள்வழியாகத் துப்பியது. ஐந்து நிமிஷம் அடுப்பில் பாலை மறந்துவிட்டேன்.

குன்னூர்க்காரன் – டிசம்பர் 19, இரவு 8.52

வாழ்த்துகள் அக்கா. நாலு வாரத்தில் நகத்தின் பாதிதானே? என்னுடையவை இதே வயதில் அதைப்போல் இரண்டு மடங்கு. சும்மா சொல்லிவைக்கிறேன்.

ஹட்டிவாசி – டிசம்பர் 19, இரவு 8.58

போன வாரம் உங்கள் பக்கம் கரண்ட் போனதே தம்பி, அவை எத்தனை மிஞ்சின?

குன்னூர்க்காரன் – டிசம்பர் 19, இரவு 9.14

எட்டு போய்விட்டன. போர்வை சுற்றிவைத்தும் காலைக்குள் 15க்கு வந்துவிட்டது. ஆனாலும் வெண்கலக் கோரிக்கு வேறு வழி இல்லை. மிளகுக்கு வேண்டுமானால் நீங்கள் சொல்வதை ஒத்துக்கொள்கிறேன், மிளகுக்கு மட்டும்.

மழைத்தொட்டி – டிசம்பர் 19, இரவு 9.30

என் தொட்டியில் 21ஐயும் வைத்துக்கொள்ள இடமில்லை. இங்கே ஒருத்தர், மிஞ்சியதை ஊட்டி ஏரியில் விட்டுவிடுங்களேன் என்கிறார்.

ஹட்டிவாசி – டிசம்பர் 19, இரவு 9.37

விடவே விடாதீர்கள். 1939இல் இலங்கையிலிருந்து கொண்டுவந்து விட்ட கண்ணாடிக் கெண்டை இந்த மலைத் தண்ணீரில் இன்னும் இருக்கிறது. கீழே ஏரி குளமெல்லாம் டேங்க் கிளீனர் மீன் எப்படி வந்தது? இப்படி யாரோ ஒருத்தர் தொட்டியைக் கவிழ்த்துத்தான். கேட்பவர்களுக்குக் கொடுங்கள்.

மேட்டுப்பாளையம்_கெளுத்தி – டிசம்பர் 19, இரவு 9.41

எனக்கு ஆறு கொடுங்கள் அக்கா. ஞாயிற்றுக்கிழமை பைக்கில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

மழைத்தொட்டி – டிசம்பர் 19, இரவு 9.44

தாராளமாக. உங்கள் தொட்டியில் இப்போது எத்தனை டிகிரி?

மேட்டுப்பாளையம்_கெளுத்தி – டிசம்பர் 19, இரவு 9.46

26. மார்கழியில் சுகமாக இருக்கும்.

மழைத்தொட்டி – டிசம்பர் 19, இரவு 9.47

சித்திரையில்?

மேட்டுப்பாளையம்_கெளுத்தி – டிசம்பர் 19, இரவு 10.20

ஃபேன் போட்டுக்கொள்வேன்.

குன்னூர்க்காரன் – டிசம்பர் 19, இரவு 10.22

அந்த ஆறையும் எனக்கே கொடுத்துவிடுங்கள் அக்கா. ஹீட்டரைக் கழற்றிவிட்டு ஒரு தொட்டி தயார் செய்கிறேன். ஹட்டிவாசி ஐயா இதைப் படிக்காத மாதிரி இருக்கவும்.